பாம்பு ஹாரனும் நாற்பதாவது ஆளும்

கல்கந்தை பஜாரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஷுக்ரிக்கு நோய்நொடி என்று எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஒரே ஒரு சகலன்தான் இருந்தான்.

சகலன் பெயர் அலவி. ஷுக்ரியின் மனைவி ஹம்ஸியாவின் தங்கை றஷீனாவைக் கட்டியவன். ஹாலிஎலவில் யாரோ ஒருவருடைய தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவன், வீட்டு மாப்பிள்ளையாக நமுனுகுல மலையடியில் கிடக்கும் இந்தச் சின்ன பஜாருக்கு வந்து சேர்ந்தான். வந்த புதிதில் ஷுக்ரிக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். ஏழைச் சகலனை யாருக்குத்தான் பிடிக்காது? தன் கடை ஓரத்தில் தையல் மெஷின் போட இடம் கொடுத்தான். பெருநாளைக்கு மாமி வீட்டில் தொடைக்கறி தன் தட்டிலும் கழுத்தெலும்பு அலவி தட்டிலும் விழுவதைப் பார்க்கும்போது அவன் மனசு அப்படியே குளிர்ந்து போகும்.

கெடுத்தது ஒரு லாம்பு. கார்பைட் போட்டு எரிக்கிற பழங்காலத்து மோட்டார் லாம்பு. தோட்டத்துத் துரைமார் கழித்துப் போட்ட லாம்பு, மூடி, பெயர்த் தகடு எல்லாவற்றையும் ஷுக்ரி சாக்கில் கட்டி, பித்தளை உருக்குகிறவனுக்கு இறாத்தல் கணக்கில் நிறுத்துக் கொடுப்பது வழக்கம். அப்படிக் கட்டும்போது அலவி ஒன்றைக் கையில் எடுத்து, அண்ணனிடம் கேட்கிற மாதிரி, "நானா, இத நான் வெச்சிக்கட்டா?" என்று கேட்டான். ஷுக்ரியும் கர்ணப் பிரபு மாதிரி, "எடுத்துக்கயேன்" என்றான். அலவி அதை நாலைந்து நாள் துடைத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான். மொனராகலைப் பக்கம் வேட்டைக்குப் போன கொழும்புப் புரொக்டர் ஒருவர், பெரிய வக்கீல், ஃபேன் பெல்ட் வாங்கக் காரை நிறுத்தினார். லாம்பைப் பார்த்தார். பெல்ட்டை மறந்துவிட்டார். அவர் கொடுத்துவிட்டுப் போன காசில் றஷீனாவின் கைக்கு இரண்டு வளையல் ஏறியது.

பழைய காரில் பைத்தியம் பிடித்த பணக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கல்கந்தைக்குத் தெரிந்தது. அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏற, பங்களாவுக்குப் பங்களா ஏலம் நடந்தது. மற்றவர்கள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொள்ள, அலவி மட்டும் நேரே கார் கொட்டகைக்குப் போவான். ரேடியேட்டர் மூடிமேல் நிற்கும் சின்னப் பொம்மை, மோட்டார் சங்கத்து எனாமல் வில்லை, என்றைக்கோ ஒரு துரை மலையேற்றப் பந்தயத்தில் வாங்கிய தகடு, இவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவான். கொழும்புப் புரொக்டர் அத்தனையையும் வாங்கினார். தையல் மெஷின் விலைப்பட்டது. மாமி வீட்டுத் தட்டுகளிலும் எலும்பும் கறியும் இடம் மாறின.

ஷுக்ரிக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது. இருபது வருஷமாக அவன் கையால் நிறுத்துக் கொடுத்த பித்தளையெல்லாம் அவனுக்குள் உருகி ஓடியது. "அவன்ட மொத லாம்பு நான் சும்மா குடுத்தது, தெரியுமா?" என்று வருகிற போகிறவனிடமெல்லாம் சொன்னான். நாலு தடவை கேட்டவர்கள் ஐந்தாம் தடவை நேரமாகிறது என்று எழுந்து போனார்கள். அலவியோ அதே கதையைத் தானே முந்திக்கொண்டு சொல்லுவான். "நானாட கை ராசி" என்பான். அதைக் கேட்டால் ஷுக்ரிக்கு இன்னும் எரியும்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் ஷுக்ரியை அடிக்க ஊரில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு ஆள் சேர்ப்பதில். நம்முடைய மத்ஹபுச் சட்டத்தில் அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஆண்கள் நாற்பது பேர் கூடினால்தான் ஜும்ஆத் தொழுகை. ஒரு தலை குறைந்தாலும் குத்பாப் பிரசங்கம் கிடையாது. சாதாரண நாளைப்போல் மத்தியான லுஹர் தொழுதுவிட்டுக் கலைந்து போகவேண்டியதுதான். கல்கந்தையில் இருந்ததே இழுத்துப் பிடித்து நாற்பது ஆண்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் ஷுக்ரி கடை கடையாக ஏறி இறங்குவான். "காய்ச்சலா? போத்திட்டு வாங்க." "பதுளைக்கிப் போகணுமா? பின்னேரம் போங்க." ஒரு தடவை, கால் உடைந்தவரைக் கதிரையோடு தூக்கிவர வைத்தான். பள்ளி வாசலில் நின்று தலை எண்ணும்போது அவன் முகத்தில் ஒரு ராஜகளை இருக்கும். மோதினார்கூட அவன் தலையாட்டினால்தான் பாங்கு சொல்லப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் கல்கந்தைத் தோட்டத்துத் துரை கப்பலேறுகிறார் என்று செய்தி வந்தது. அலவி ஓடி வந்தான். வேறு யாரிடமாவது ஓடியிருக்கலாம். கபடில்லாத மனுஷன், நேரே ஷுக்ரியின் கடைக்குத்தான் வந்தான்.

"நானா, பங்களாவுல பாம்பு ஹாரன் ஒண்டு ஈக்கி! இந்தத் தொரைட பெரியப்பா காலத்துக் கார்ல இருந்தது. தல மட்டும் இவ்வளவு பெரிசு. கொழும்புப் புரொக்டர் நாலு வருஷமா அதத்தான் கேக்கிறாரு. அது மட்டும் கையில வந்திச்சிண்டா, முன்னுக்குள்ள பேக்கரிக் கட்டடத்த வாங்கிப் போடுவன்."

முன்னுக்குள்ள கட்டடம் என்றால் ஷுக்ரியின் கடைக்கு நேர் எதிரே. காலையில் கடைப் பலகையைக் கழற்றினால் அலவியின் முகம். மாலையில் பலகை போட்டால் அலவியின் முகம். ஷுக்ரி, "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றான். சொல்லும்போதே அந்த ஹாரன் அலவிக்குக் கிடைக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டான். தனக்கு அது எதற்கு, யாருக்கு விற்பது என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. பக்கத்து இலையில் பாயாசம் விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஏலம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பஜாருக்கு மேலே, தேயிலை மலையின் முடியில் பங்களா. புல் தரையில் கட்டில், பீங்கான், பியானோ எல்லாம் கிடந்தன. பண்டாரவளையிலிருந்து வந்திருந்த ஏலக்காரர் தேவசகாயம் மேசைமேல் ஏறி நின்றார். வெள்ளிக்கிழமை ஏலம் என்றால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் சட்டி பானை, பழைய துணி என்று சில்லறைச் சாமான்களை மட்டும் தோட்டத்து ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருப்பார். நல்ல சாமானை ஜும்ஆ முடியும்வரை தொடமாட்டார். காசுப் பையெல்லாம் பள்ளிக்குள் இருக்கும்போது யாரிடம் விற்பது?

ஹாரன் கார் கொட்டகை வாசலில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. பித்தளைப் பாம்பு. வளைந்து நெளிந்து ஓர் ஆள் நீளம் இருக்கும். ஒரு முனையில் அமுக்குகிற கறுப்பு ரப்பர் பந்து. மறுமுனையில் வாயைப் பிளந்த தலை. கண்ணுக்குச் சிவப்புக் கல். துரையின் டிரைவர் இராமையா ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவந்ததில் நெற்றியில் ஒரு கறையே விழுந்திருந்தது. அலவி அதன் பக்கத்தில் குந்தி, தொடாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. ஷுக்ரியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பள்ளிக்குப் புறப்படும் நேரம் வந்தது. கல்கந்தை ஆட்களோடு பதுளையிலிருந்து வந்திருந்த இரண்டு வியாபாரிகளும் இறங்கத் தயாரானார்கள். ஷுக்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

"அலவி, எனக்கு வயிறு ஒரு மாதிரிப் பெரட்டுது. நீங்க எல்லாரும் போங்க. நான் மெல்லமாப் பின்னால வாரன்."

"அல்லாவே! மொகமெல்லாம் வேர்த்திரிக்கே. நான் தொணைக்கி நிக்கட்டா நானா?"

"நீயும் நிண்டா இன்னொரு ஆள் கொறையும். போ, போ."

அலவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். ஷுக்ரிக்கு நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அன்று காலை அவன் எண்ணிய நாற்பதில் தானும் ஒருவன். ஆனாலும், 'பதுளைக்காரர்கள்தான் இரண்டு பேர் போகிறார்களே, கணக்குச் சரிக்கட்டிவிடும்' என்று மனசைத் தட்டிக் கொடுத்தான். வழிப்போக்கன் கணக்கில் சேரமாட்டான் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பொறாமை வந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடும்.

தலைகள் தேயிலைக்குள் மறைந்ததும் வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. ஷுக்ரி எழுந்து ஏலக்காரரிடம் போனான். நமுனுகுலப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, மழை வரப் பாக்குது. அந்தப் பாம்பு ஹாரன முடிச்சிட்டா என்ன?"

"மோட்டார் சாமான் பள்ளி முடிஞ்ச பிறகுதான்னு அலவி மொதலாளிக்கிட்ட சொல்லியிருக்கேனே."

"அவனுக்கு அது வேணாமாம். பாத்திட்டு விட்டுட்டான். என்ட சகலன் தானே, எனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காய். ஆனால் சொன்னவன் பள்ளியில் தலை எண்ணுகிறவன் ஆயிற்றே, ஏலக்காரர் நம்பினார். இராமையாவைக் கூப்பிட்டு ஹாரனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

கேட்க ஆள் இருக்காது என்றுதான் ஷுக்ரி நினைத்தான். ஆனால் தோட்டத்துக் கங்காணி சின்னராசா முன்னால் வந்தார். கோயில் புற்றடியில் வைக்க ஒரு நாகம் வேண்டுமென்று மேட்டு லயத்து ஆட்கள் காசு சேர்த்துக் கொடுத்திருந்தார்களாம். கங்காணி கேட்டார், ஷுக்ரி ஏற்றினான். கங்காணி பின்னால் திரும்பி, லயத்து ஆட்களிடம் குசுகுசுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஷுக்ரி மூச்சு விடாமல் மேலே போனான். கீழே பள்ளியில் குத்பா நடந்துகொண்டிருக்கும், அது முடிய இன்னும் நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டான்.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்மளால ஆகாதுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன் மொதலாளி. பள்ளிவாசல் ஆளு, ஒங்களுக்கு எதுக்குங்க நாகம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷுக்ரிக்கு உறைக்கவில்லை. "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" தேவசகாயம் மேசையைத் தட்டினார்.

நாலு வருஷத்து எரிச்சல் ஒரு நொடியில் அடங்கியது. அப்படி ஒரு சுகத்தை ஷுக்ரி தன் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. ஹாரன் கையில் அடங்காத நீளமாதலால் இராமையா அதை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டார். தலை நெஞ்சுமேல் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. ஷுக்ரி ரப்பர் பந்தை ஆசை தீர ஓர் அமுக்கு அமுக்கினான். அறுபது வருஷத்துப் பாம்பு, 'போ...ங்' என்று மலை அதிரக் கத்தியது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து கல்கந்தைப் பள்ளி ஜமாஅத் முழுதும் மேலே ஏறி வந்தது.

முன்னால் தொழுகை நடத்துகிற லெப்பை. அவருக்குப் பக்கத்தில் மூச்சிரைக்க அலவி, கையில் ஓமத்தண்ணிப் போத்தல். பின்னால் பதுளைக்காரர் இருவர். அவர்களுக்கும் பின்னால் நாலு வாலிபர்கள் தோளில் எதையோ சுமந்து வந்தார்கள். அது சந்தூக்கு. இறந்தவரின் மையித்தைக் கபுறடிக்குத் தூக்கிப்போகிற பெட்டி.

"உசிரோட, ஹயாத்தோட ஈக்கிறாரு!" என்று முன்னால் வந்த ஒருவன் கத்தினான். எல்லாரும் ஷுக்ரியின் கழுத்தைப் பார்த்தார்கள்.

லெப்பை வயசாளி. மேடேறி வந்த களைப்பில் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டுத்தான் பேசினார்.

"முப்பத்தொம்பது பேர்தான் சேர்ந்தோம். கொஞ்ச நேரம் வாசலப் பாத்தோம். கால் ஒடஞ்சவனையும் கதிரையோட தூக்கிவாற மனுசன் ஜும்ஆவுக்கு வரல்லண்டா சும்மா இரிக்குமா? வாந்திபேதிதாண்டு அலவி அழ ஆரம்பிச்சிட்டான். லுஹர மட்டும் தொழுதிட்டு ஓடி வாரோம். ஆள் படுக்க வெச்சுத் தூக்க ஊர்ல வேற என்ன இரிக்கி? அதுதான் சந்தூக்கக் கொண்டு வந்தோம்."

"இல்ல... பதுளைக்காரங்க ரெண்டு பேர்..." ஷுக்ரியின் வாய் குழறியது.

"அவங்க பிரயாணி. கணக்குல சேராதுண்டு எங்களுக்கு வாசல்ல நிண்டு படிச்சுத் தந்ததே நீங்கதானே."

ஏலக்காரருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் அலவியைப் பார்த்து, "மொதலாளி, உங்களுக்கு இது வேணாம்னு..." என்று தொடங்கினார். அலவி பாம்பை ஒரு பார்வை பார்த்தான். முகம் ஒரு கணம் விழுந்தது. அதை ஷுக்ரி கண்டான், அந்த நிலைமையிலும் அது அவனுக்குக் கொஞ்சம் இனித்தது. பிறகு அலவி ஏலக்காரரைக் கையமர்த்திவிட்டுப் போத்தலின் மூடியைக் கழற்றினான்.

"வயிறு இப்ப எப்பிடி நானா? இதக் குடிங்க. றஷீனா சுடச்சுடக் காச்சித் தந்தா."

ஷுக்ரி என்ன செய்வான்? கழுத்தில் பாம்போடு, முப்பத்தொன்பது பேருக்கு முன்னால், இல்லாத வயிற்று வலிக்கு ஓமத்தண்ணி முழுவதையும் குடித்தான்.

அந்த ஒரு வாரம் அவனை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசலாம். தேத்தண்ணிக் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது. பாம்பை வீட்டுக்குள் ஏற்ற ஹம்ஸியா விடவில்லை. அது கடை மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது.

"றஷீனா அழுதிட்டு வந்தா," என்றாள் ஹம்ஸியா. "பேக்கரிக் கட்டடம் போச்சிதாம். ஆனா அவட புருஷன் ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல்லியாம். 'நானா ஆசப்பட்டுட்டாரு, எடுக்கட்டும்' எண்டு மட்டும் சொன்னாராம்."

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான்! நல்லவனாகப் பாக்கிறான்!" ஷுக்ரி எரிந்து விழுந்தான்.

"பாக்கிறாரு இல்ல. நல்லவர்தான்," என்றாள் ஹம்ஸியா.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷுக்ரி கடை திறக்கவில்லை. யார் முகத்திலும் விழிக்க முடியாது. பள்ளிக்குப் போவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். ஆனால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும் வசதிகூடக் கல்கந்தையில் அவனுக்கு இல்லை. அவன் ஒளிந்தால் ஊருக்கு மறுபடியும் ஜும்ஆ இல்லை. பாங்கு நேரம் நெருங்கியது. கதவு தட்டப்பட்டது.

அலவிதான். வெள்ளைச் சாரம், தொப்பி, அத்தர் வாசனை.

"நானா, வாங்க. எல்லாரும் காத்திட்டு ஈக்கிறாங்க. நீங்க இல்லாட்டி முப்பத்தொம்பதுதான்."

ஷுக்ரி எழுந்து கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு அவன் பின்னால் நடந்தான். பஜார் வெறிச்சென்று கிடந்தது. பாதி வழியில் தாங்க முடியாமல் சொன்னான்: "அந்தப் பாம்ப நீயே எடுத்துக்க. எனக்கு வேணாம்."

"ஐயோ, அது ஒங்கட நானா. முறையா ஏலத்துல எடுத்தது தானே. நான் புரொக்டருக்கு எழுதிட்டன், எங்கட நானாட்டத்தான் ஈக்கி, அங்க போய்ப் பாருங்கண்டு. திங்கக்கெழம ஒங்கட கடைக்கி வருவாரு. வெலையக் கொறைக்க விடாதீங்க."

கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால் ஷுக்ரிக்கு அதைவிட நிம்மதியாக இருந்திருக்கும். கிடைக்கப்போகிற காசும் அலவி போட்ட பிச்சை. ஊர் நாளைக்கு என்ன சொல்லும்? 'ஷுக்ரி பறித்தான், அலவி கொடுத்தான்' என்றுதானே சொல்லும்? லாம்பிலும் தகட்டிலும் தோற்றதுகூடப் பரவாயில்லை. இப்போது இந்தக் குணத்திலும் அவன் முன்னால் போய்விட்டான். ஷுக்ரியின் வயிறு முன்னெப்போதும் இல்லாத மாதிரி எரிந்தது.

குத்பாவில் ஒரு சொல்லும் அவன் காதில் ஏறவில்லை. இவனைவிடப் பெரிதாக என்ன விட்டுக்கொடுக்கலாம், எதில் இவனை முந்தலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். லெப்பைக்கு நேர் பின்னால், முதல் வரிசையின் நடுவிடம் காலியாக இருந்தது. அது எத்தனையோ வருஷமாக ஷுக்ரி நிற்கிற இடம். ஊரார் அதை விட்டு வைத்திருந்தார்கள். அலவி பின்வரிசைக்கு ஒதுங்கி, "நில்லுங்க நானா" என்றான்.

ஷுக்ரிக்கு வழி கிடைத்துவிட்டது. அலவியின் தோளைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இல்ல, இனிமே இது ஒன்ட எடம். நீதான் நிக்கணும். நான் பின்னால நிக்கிறன்."

அலவி, 'இல்லை நானா, நீங்கள்தான்' என்று மல்லுக்கு நிற்பான். தான் விடாப்பிடியாக அவனை முன்னால் தள்ளுவான். நாற்பது பேரும் பார்ப்பார்கள். ஷுக்ரி அதற்காகக் காலை ஊன்றி நின்றான்.

அலவி மல்லுக்கு நிற்கவில்லை. "அப்ப சரி நானா" என்று சிரித்துவிட்டு முன்னால் போய் நின்று, கையை உயர்த்தித் தக்பீர் கட்டிக்கொண்டான். இதில் ஒரு போட்டி நடந்ததென்றே அவனுக்குத் தெரியாது. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு பின்வரிசையில் நின்ற ஷுக்ரிக்கு, இத்தனை வருஷமும் தன்னோடு கூட ஓடியவர் யாருமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.